கடலோர நிலத்தில் பாத்தி போட எவ்வளவு ஆழம் உழணும்? (ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினம் பக்கம், இயற்கை முறை)

பெரியபட்டினம் தோட்டம்:

எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 40 சென்ட் மணல் நிலம் இருக்கிறது. ஓரத்தில் தென்னை, நடுவில் காலி. கொஞ்சம் தள்ளி, கண்மாய்ப் பக்கமாக இன்னொரு 30 சென்ட். அது களிமண். ரொம்ப வருடமாக வேலிக்கருவை மண்டிக் கிடந்ததை இப்போதுதான் வெட்டி எடுத்தோம். இரண்டிலும் ரசாயன உரம் இல்லாமல் காய்கறி போட ஆசை. கத்திரி, வெண்டை, கொத்தவரை, கீரை, முடிந்தால் கொஞ்சம் முண்டு மிளகாய்.

கேள்வி உழவைப் பற்றி. டிராக்டர் ஓட்டுகிறவர் ஒன்பது கொத்துக் கலப்பையில் இரண்டு ஓட்டு, அப்புறம் ரோட்டவேட்டர் ஒரு ஓட்டு என்கிறார். வீடியோக்களில் மண்ணைத் தொடவே தொடாதே என்கிறார்கள். அப்பாவோ "அகல உழுவதைவிட ஆழ உழு" என்று ஒரே பிடியாக நிற்கிறார். ஆவணி பாதி போய்விட்டது. மழைக்கு முன்னால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

உச்சிப்புளி தென்னந்தோப்பு:

தம்பி, மணல் நிலத்தை இப்போதைக்கு உழ வேண்டாம். தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் கச்சான் காற்று, அதாவது மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, இன்னும் அடங்கவில்லை. ஆனி, ஆடியில் புல் பூண்டு இல்லாமல் உழுது போட்ட மணல் கொல்லைகளைப் போய்ப் பாருங்கள். மேல் மண் அத்தனையும் கிழக்கு வேலி ஓரம் குவிந்து கிடக்கும். கொல்லையில் மிஞ்சுவது வெறும் பெருமணல். காற்று முதலில் தூக்குவது மெல்லிய வண்டலையும் மட்கையும்தான். நம் மணலில் அது இருப்பதே கொஞ்சம்.

"சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்பது உண்மைதான். ஆனால் அது கரிசலுக்கும் செவலுக்கும் சொன்னது. கடற்கரை மணலில் சித்திரையில் புழுதி கிளப்பினால் அந்தத் தங்கத்தைக் காற்றுதான் அள்ளிக்கொண்டு போகும். இருக்கிற புல்லையும் நெருஞ்சியையும் அப்படியே விட்டு வையுங்கள். புரட்டாசிக் கடைசியில் ஒரு மழை விழுந்ததும் களைக்கொத்தால் மேலாகக் கொத்தினால் போதும்.

ஒரு கேள்வி. கிணற்றில் இப்போது எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது? கார்த்திகையில் எத்தனை அடிக்கு ஏறும்? அது தெரிந்தால்தான் பாத்தியை மேடாகப் போடுவதா பள்ளமாகப் போடுவதா என்று சொல்ல முடியும்.

முதுகுளத்தூர் மிளகாய்:

அண்ணே, மணலுக்கு நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தக் களிமண் 30 சென்ட்டுக்கு அவருடைய அப்பா சொல்வதுதான் நியாயம். எங்கள் கரிசலில் கோடை மழை ஒன்று விழுந்ததும் சட்டிக் கலப்பையால் புரட்டிப் போடுகிறோம். கட்டி கட்டியாகப் பிளந்து வெயில் குடித்துக் கிடக்கும். கோரைக் கிழங்கு மேலே வந்து காயும், கூட்டுப்புழுவைக் கொக்கும் மைனாவும் பொறுக்கும். ஐப்பசி மழை ஓடாமல் உள்ளே இறங்கும். அந்த ஈரத்தை வைத்துத்தான் மாசி, பங்குனி வரை முண்டு மிளகாய் நிற்கிறது. மானாவாரிக்காரனுக்கு உழவுதான் தண்ணீர்த் தொட்டி. ஆழ உழாவிட்டால் தொட்டியே இல்லை.

அதோடு, வேலிக்கருவை நின்ற நிலத்தில் மூட்டு உள்ளேயே கிடக்கும். வேரின் தலைப்பகுதி, தரைக்குக் கீழே ஓர் அடி வரை, முழுதாக வெளியே வராவிட்டால் அடுத்த மழைக்கே தளிர்த்துவிடும். மேலோட்டமாகச் சுரண்டினால் அது சாகாது.

மண்ணும் நீரும்:

வேளாண் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தில் பெரும்பகுதி இந்த மாவட்டக் கடற்கரைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எவ்வளவு ஆழம் உழலாம் என்பதை நம் கடற்கரையில் முடிவு செய்வது பயிரும் இல்லை, கலப்பையும் இல்லை. உப்பு எந்த ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். மழைக்காலத்தில் இறங்கும் நல்ல தண்ணீர் உப்பைக் கீழே தள்ளுகிறது. தை பிறந்து வெயில் ஏறியதும் ஈரம் மேலே வரும்போது உப்பும் கூடவே வருகிறது. நீர் ஆவியாகிப் போகும், உப்பு தங்கிவிடும். மாசியில் தரை வெள்ளையாகப் பூப்பது இதனால்தான். மணலில் ஈரம் ஓர் அடி, இரண்டு அடிதான் மேலேறும். களிமண்ணில் நாலைந்து அடிக்கும் மேல் ஏறும். அதனால் உவர்நீர் ஆறடியில் நிற்கிற மணல் நிலம் பிழைத்துக்கொள்ளும், அதே ஆறடியில் நிற்கிற களி நிலம் பூத்துவிடும்.

இந்த நிலையில் களியை ஓர் அடிக்கு மேல் புரட்டிப் போட்டால், பல மழை சேர்ந்து கழுவித் தந்த மேல் மண் உள்ளே போய்விடுகிறது. அடியில் இருந்த உப்பு மண் விதைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பொக்லைன் வைத்து வேலிக்கருவை பிடுங்கிய நிலங்களில் மூட்டு எடுத்த குழியைச் சுற்றி வட்டமாக ஒன்றும் முளைக்காமல் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வேரோடு அடிமண்ணும் மேலே வந்திருக்கிறது.

முதுகுளத்தூர்க்காரர் சொல்வதை மறுக்கவில்லை. உள்நாட்டுக் கரிசலில் நல்ல தண்ணீரைச் சேமிக்க ஆழ உழவு வேண்டும். ஆனால் கடலில் இருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் களிக்கு அதை அப்படியே கொண்டுவரக் கூடாது. அடியில் கடினமான தட்டு இருந்தால் உளிக் கலப்பை போடலாம். அது மண்ணைக் கீறிப் பிளக்கும், புரட்டாது. பிளப்பதும் புரட்டுவதும் வேறு வேறு வேலை. மழைநீர் உள்ளே இறங்க வழி கிடைக்கும், அடிமண்ணும் அடியிலேயே இருக்கும்.

உழுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். காசு ஒன்றும் பெரிதாக ஆகாது. கண்ணாடி டம்ளரில் மழைநீரோ, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரோ எடுத்துக்கொள்ளுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், அதில் இருக்கும் உப்பே முடிவை மாற்றிவிடும். நன்றாகக் காய்ந்த மண் கட்டி ஒன்றை, கொண்டைக்கடலை அளவில், மெதுவாக உள்ளே விடுங்கள். கலக்கக் கூடாது, டம்ளரை ஆட்டவும் கூடாது. கட்டி பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் மட்டும் தெளிவாக நின்றால் ஒரு வகை. கட்டியைச் சுற்றிப் பால் கலந்ததுபோல் ஒரு மங்கல் கிளம்பி, மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கியே நின்றால் இன்னொரு வகை. இரண்டாவது களர். சோடியம் களித்துகள்களைப் பிரித்து மிதக்க விடுகிறது. வயலிலும் அதுதான் நடக்கிறது. பிரிந்த துகள் துவாரங்களை அடைத்துவிடுவதால் மழைநீர் மேலேயே தேங்கி நிற்கும், காய்ந்தால் பாளமாக இறுகும்.

தண்ணீர் தெளிந்துவிட்டது, ஆகவே உப்பு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உவர் மண்ணில் உப்பு நிறைய இருப்பதாலேயே துகள்கள் ஒட்டிக்கொண்டு தண்ணீர் தெளிவாக நிற்கும். அதற்கு, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன் பார்க்க வேண்டும். மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். அல்லது நம் ராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள். மேல் அரை அடி மண்ணை ஒரு பையிலும், அதற்குக் கீழ் ஓர் அடி மண்ணை இன்னொரு பையிலும் தனித்தனியாகக் கொண்டு போங்கள். இரண்டையும் கலந்து கொடுத்தால் உழவு ஆழத்துக்கு அந்த முடிவு ஒன்றும் சொல்லாது.

கீழக்கரை மாடித்தோட்டம்:

நான் தொட்டியில் போடுகிற ஆள், உழவு பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. டம்ளர் சோதனை ரொம்பப் பயனுள்ளது, எழுதியதற்கு நன்றி ஐயா. தொட்டிக்கு வாங்கும் மண்ணையும் இனி இப்படிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

தொண்டி உழவில்லாத் தோட்டம்:

நான் வடகடல் (பாக் நீரிணை) பக்கம். இங்கேயும் மணல், கொஞ்சம் களி கலந்தது. உழவே இல்லாமல்தான் காய்கறி போடுகிறேன். உழ உழ மட்கு எரிந்து போகிறது. நம் வெயிலுக்கு மண்ணைத் திறந்து விட்டால் அதில் உள்ள கரிமம் நிற்பதே இல்லை. புல்லை வெட்டி அங்கேயே படுக்கப் போட்டு, மேலே அட்டைப்பெட்டியை நனைத்து விரித்து, அதற்கு மேல் தொழுவுரம், அதற்கு மேல் மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் தழை, சருகு. நாற்று நடும் இடத்தில் மட்டும் அட்டையைக் கிழித்துக் குழி. மண்புழு உழுதுகொள்ளும். மனிதன் உழத் தேவை இல்லை.

மண்டபம் கைப்பாத்தி:

தொண்டித் தம்பிக்கு: மூடாக்கு நல்லதுதான், நானும் போடுகிறேன். ஆனால் மூடாக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் ஊரில் வைக்கோலுக்கு மாடே அடித்துக்கொள்கிறது. காய்ந்த மூடாக்கை வெறும் மணல் மேல் போட்டால் முதலில் வருவது மண்புழு இல்லை, கரையான். அட்டையை அது விட்டே வைக்காது. மண்புழு வர ஈரமும் மட்கும் வேண்டும். அது இரண்டும் இல்லாத மணலில் முதல் வருடம் கையால் பாத்தி கட்டித்தான் ஆக வேண்டும். கட்டிய பிறகு உழாமல் வைத்துக்கொள்ளலாம், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை.

பெரியபட்டினம் தம்பிக்கு, மணலில் நான் பாத்தி போடும் விதம் இது. பாத்தி அகலம் மூன்றரை அடி, இரண்டு பக்கமும் குந்தி உட்கார்ந்தால் நடுவைக் கை தொட வேண்டும். நீளம் வசதிப்படி. கயிறு பிடித்து, மேல் மண்ணை அரை அடிக்கு வாரி ஒரு பக்கம் குவிப்பேன். அடியில் தெரியும் மணலைக் கடப்பாரையால் குத்தி நெகிழ்த்திவிடுவதோடு சரி, வெளியே எடுப்பதில்லை. அதன் மேல் கரம்பை, அதாவது கண்மாய் வண்டல். கரம்பை கட்டியாக வரும், அப்படியே போட்டால் மணலுக்குள் கல் மாதிரி தனியே கிடக்கும். வெயிலில் காயப்போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்தால் உதிர்ந்துவிடும். அப்புறம் தட்டி, தொழுவுரத்தோடு புரட்டி, வாரி வைத்த மேல் மண்ணோடும் கலந்து திரும்ப நிரப்புவேன். கை நிறைய அள்ளி இறுக்கிப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், கட்டை விரலால் தட்டினால் உடைய வேண்டும். நிற்காவிட்டால் இன்னும் கரம்பை. உடையாவிட்டால் கரம்பை கூடிவிட்டது என்று கொஞ்சம் மணல் சேர்ப்பேன்.

நிரப்பிய பிறகும் பாத்தி சுற்றுத் தரையைவிட நாலு விரல் தாழ்ந்தே இருக்கும்படி விடுவேன். மணலில் மேட்டுப்பாத்தி போட்டால் நாலு பக்கமும் காற்று உறிஞ்சிவிடும், காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்கு நிற்காது. பள்ளப்பாத்தியில் மழையும் தங்கும், சருகும் வந்து சேரும், காற்றும் மேலே தாண்டிப் போய்விடும்.

மண்ணும் நீரும்:

அம்மா சொல்லும் முறை மணலுக்கு மிகச் சரியானது. ஒரு கணக்கு மட்டும் சேர்க்கிறேன். மணல் நிலத்துக்குப் பரிந்துரை எக்டேருக்கு 100 டன் வண்டல், அதாவது ஏக்கருக்கு 40 டன், சென்ட்டுக்கு 400 கிலோ. முழு நிலத்துக்கும் அடிக்க முடியாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பாத்திக்கு மட்டும் போட்டால் சதுர மீட்டருக்கு 10 கிலோதான் வருகிறது. நடைபாதைக்கு எதற்குக் கரம்பை? கண்மாய் வண்டல் எடுக்கத் தாசில்தார் அலுவலகத்தில் விண்ணப்பித்து அனுமதி வாங்குங்கள். கரை ஓரத்தில் வெட்டக் கூடாது. எந்தக் கண்மாய் என்பதும் முக்கியம். கடலோரக் கண்மாய் சிலவற்றில் வண்டலே உப்பு. அதே டம்ளர் சோதனையை அதற்கும் செய்துவிட்டு வண்டி வையுங்கள்.

பெரியபட்டினம் தோட்டம்:

எல்லோருக்கும் நன்றி. டம்ளர் சோதனை செய்து பார்த்தேன். மணல் நிலத்தில் கட்டியே கிடைக்கவில்லை, கிடைத்த சிறு துண்டு போட்டதும் உதிர்ந்து தண்ணீர் தெளிந்துவிட்டது. கண்மாய்ப் பக்கத்து மண் இரண்டு மணி நேரத்தில் சுற்றிலும் மங்கலாகி, இன்று காலை வரை கலங்கலாகவே நிற்கிறது. வடிகட்டின டீத்தண்ணீர் நிறம்.

உச்சிப்புளி அண்ணே, வீட்டுக் கிணற்றில் இப்போது பதினோரு அடியில் தண்ணீர். கார்த்திகையில் நாலடி, அஞ்சடிக்கு வந்துவிடும். பங்குனிக்கு மேல் உப்புக் கரிக்கும்.

மணலுக்குப் பள்ளப்பாத்தி என்று முடிவு செய்துவிட்டேன். அந்தக் களருக்கு என்ன செய்வது? ஜிப்சம் போட்டால் இயற்கை விவசாயம் என்று சொல்ல முடியுமா?

உச்சிப்புளி தென்னந்தோப்பு:

நாலடிக்கு மேல் ஏறாது என்றால் பள்ளப்பாத்தி போடலாம், பயம் இல்லை. தோட்டத்துக்குள்ளேயே தாழ்ந்த மூலை ஏதும் இருந்தால் அங்கே மட்டும் சமமாகப் போடுங்கள். அடைமழையில் அடியில் இருந்து தண்ணீர் ஊறி வேர் அழுகும்.

பங்குனியில் கரிக்கிறது என்று கிணற்றை ஆழப்படுத்திவிடாதீர்கள், ஆழ்துளையும் போடாதீர்கள். கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் என்பது கணக்கு. அந்த மேல் ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் கீழே உள்ள நாற்பது அடியையும் இழப்போம். சின்ன மோட்டார், கொஞ்சம் கொஞ்சமாக இறைப்பு. எத்தனை பாத்தி போடுவது என்பதை மண்வெட்டி எடுக்கும் முன் கிணற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மண்ணும் நீரும்:

ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) பற்றி. சுரங்கத்தில் வெட்டி எடுக்கும் இயற்கை ஜிப்சம் அங்ககச் சான்று (இயற்கை விவசாயச் சான்று) முறையிலேயே மண் சீர்திருத்தத்துக்கு அனுமதிக்கப்படுகிறது. சான்று வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். உரத் தொழிற்சாலைக் கழிவாக வரும் ஜிப்சம் வேறு, அதை வாங்க வேண்டாம். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை அறிக்கையில் "ஜிப்சம் தேவை" என்று குறித்துத் தருவார்கள், அதில் பாதி போட்டால் போதும். கண்ணை மூடிக்கொண்டு மூட்டைக் கணக்கில் கொட்ட வேண்டாம். வெறும் உவர் மண்ணுக்கு ஜிப்சத்தால் பயன் இல்லை, கழுவி வடிப்பதுதான் வழி. உங்களுடையது கலங்கி நிற்பதால் களர்த்தன்மை இருக்கிறது, போடலாம்.

போடும் முறையில்தான் உழவு வருகிறது. முதலில் நிலத்தை மட்டம் செய்து, வரப்பை உயர்த்திக் கட்டுங்கள். மேடு பள்ளம் இருந்தால் மேட்டில் உப்பு அப்படியே நின்றுவிடும். ஜிப்சத்தைத் தூவி மேல் நாலு விரல் மண்ணோடு மட்டும் கலக்க வேண்டும். அஞ்சு கொத்துக் கலப்பையை மேலாகப் பிடித்து ஓட்டினால் போதும். ஆழமாகக் கலந்தால் ஜிப்சம் நீர்த்துப் போய் வேலை செய்யாது. அப்புறம் ஐப்பசி மழையை வரப்புக்குள் தேக்கி, மெதுவாக உள்ளே இறங்கவிட்டு, மிச்சத்தை வாய்க்காலில் வடிக்க வேண்டும். வடிகால் இல்லாமல் எதுவும் நடக்காது. கழுவிய சோடியம் வெளியே போக வழி வேண்டுமே. ஓர் அடி மண்ணில் உள்ள உப்பில் பெரும்பங்கைக் கழுவ ஏறக்குறைய ஓர் அடி நீர் உள்ளே இறங்க வேண்டும். நம் மாவட்டத்தில் வருட மழையே சுமார் 800 மில்லிமீட்டர், அதில் பாதிக்கும் மேல் வடகிழக்குப் பருவத்தில். ஆகவே ஒரு மழையையும் வரப்பு தாண்டி ஓட விடாதீர்கள்.

தேங்கிய நீர் வடிந்ததும் தக்கைப்பூண்டு விதையுங்கள். ஏக்கருக்கு 20 கிலோ, உங்கள் 30 சென்ட்டுக்கு 6 கிலோ. சணப்பு களரில் திணறும், தக்கைப்பூண்டு தாங்கும். பூக்கிற பருவத்தில், நாற்பத்தைந்து நாளை ஒட்டி, மடக்கி உழுங்கள். இந்த வருடம் அந்த 30 சென்ட்டில் காய்கறி ஆசையை விட்டுவிடுங்கள்.

முதுகுளத்தூர் மிளகாய்:

ஐயா எழுதியதைப் படித்தேன். புரட்டுவதும் பிளப்பதும் வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கடலோரக் களருக்கு மேல் உழவுதான் சரி. ஆனால் அந்த வேலிக்கருவை மூட்டு? அதை எடுக்காமல் நாலு விரல் உழவு ஓட்டினால் கொத்துதான் உடையும்.

மண்ணும் நீரும்:

உண்மை. மூட்டைக் கடப்பாரையும் கோடாலியும் வைத்து ஆள் விட்டு எடுப்பது நல்லது. பொக்லைன்தான் என்றால், வாளியை முழுதாக இறக்காமல் மூட்டைச் சுற்றிக் குத்தி நெம்பி எடுக்கச் சொல்லுங்கள். மேல் மண்ணை முதலில் ஒதுக்கி வைத்து, குழி மூடும்போது அடிமண் கீழே, மேல்மண் மேலே என்று போட வேண்டும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால்தான் நடக்கும். எடுத்த மூட்டைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் விலைக்கு எடுத்துக்கொள்வார்கள்.

பெரியபட்டினம் தோட்டம்:

எங்கள் பக்கம் கீதாரிகள் (ஆட்டு மந்தைக்காரர்கள்) கிடை போட, அதாவது இரவில் ஆடுகளை வயலில் அடைக்க, வருவார்கள். மணல் நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டுவிட்டுப் பாத்தி கட்டலாமா? கடற்கரையில் ஒதுங்கும் பாசியும் கடல்தாழையும் நிறைய இருக்கிறது, அதையும் போடலாமா? கருவாட்டுத் தூள் கூட மலிவாகக் கிடைக்கிறது.

மண்டபம் கைப்பாத்தி:

கிடை அருமையான யோசனை. மணலுக்கு ஆட்டுச் சிறுநீரும் புழுக்கையும் ஒரே இரவில் சேர்வது வேறு எதிலும் கிடைக்காது. ஆனால் ஆடுகள் வேலிக்கருவை நெற்றுத் தின்றிருந்தால் விதை செரிக்காமல் புழுக்கையோடு வந்து முளைக்கும். பாத்தி முழுக்க முள் நாற்றாக நிற்கும். நெற்று விழும் காலத்தில் கிடை வேண்டாம், அல்லது கிடைக்குப் பிறகு முதல் மழையில் முளைப்பதையெல்லாம் களைக்கொத்தால் செதுக்கிவிட்டு அதன் பிறகு பாத்தி கட்டுங்கள். குச்சியாகும் முன் செதுக்கினால் சுலபமாகப் போய்விடும்.

பாசியும் தாழையும் கரையில் ஒதுங்கியதை மட்டும் எடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுப் பக்கம் போய் எடுக்கக் கூடாது, அது தேசியப் பூங்கா. எடுத்ததை மழையில் நனையும்படி ஒரு பருவம் குவித்து வைத்து, உப்புக் கழுவிய பிறகுதான் உரக்குழிக்குப் போக வேண்டும். குவியலை நிலத்துக்கு வெளியே, தண்ணீர் வேறு பக்கம் ஓடும் இடத்தில் வையுங்கள். கருவாட்டுத் தூள் வேண்டவே வேண்டாம், அது உப்பில் ஊறியது. பச்சை மீன் கழிவில் வெல்லம் போட்டு மீன் அமிலம் செய்துகொள்ளலாம். தென்னை நார்க்கழிவும் அப்படித்தான். மட்கவைக்காமல் போட்டால் அது மட்குவதற்கே செடிக்கு வேண்டிய தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். உப்புநீரில் மட்டை ஊறவைத்த இடத்தில் இருந்து வருவதாக இருந்தால் வாங்காதீர்கள்.

தொண்டி உழவில்லாத் தோட்டம்:

அக்கா, முதல் வருடம் கையால் கட்ட வேண்டும் என்பதை மறுக்க முடியவில்லை. கரையானுக்கு என் வழி: மூடாக்கைக் காய்ந்ததாகப் போடாமல் பச்சையாக, மெல்லிய அடுக்காக, அடிக்கடி போடுகிறேன். அகத்தி, கிளுவை, கொளிஞ்சி, எது கிடைக்கிறதோ அது. வேலி ஓரம் கிளுவையும் அகத்தியும் நட்டால் மூடாக்கும் ஆச்சு, காற்றுத் தடுப்பும் ஆச்சு. வேலிக்கருவைத் தழையை மட்டும் விதைப் பாத்தியில் போடாதீர்கள், முளைப்பைத் தடுக்கும்.

பாத்தி ஒரு முறை கட்டியான பிறகு வருடா வருடம் கிளறாதீர்கள் என்பதில் மட்டும் உறுதியாக நிற்கிறேன். பயிர் முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரை மட்டத்தில் அறுத்துவிடுங்கள், வேர் உள்ளேயே மட்கட்டும். ரோட்டவேட்டரை மணலுக்குள் விடவே வேண்டாம். அங்கே உடைக்கக் கட்டியே இல்லை. இருக்கிற கொஞ்சம் ஈரமும் மட்கும்தான் போகும்.

மண்ணும் நீரும்:

ரோட்டவேட்டர் பற்றித் தம்பி சொல்வது சரி. களியிலும் அது ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப அடித்து, அரை அடிக்குக் கீழே தட்டு உண்டாக்கிவிடும். மேலே மாவு, கீழே பலகை. வேர் பக்கவாட்டில் படர்ந்து நிற்கும்.

அடுத்த வருடம் களரில் காய்கறி வைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அங்கே பள்ளப்பாத்தி ஆகாது, ஓர் அடி உயரமாகப் பார் (மண் மேடு) பிடித்து, பக்கத்தில் வாய்க்கால் விட வேண்டும். ஆனால் நாற்றைப் பாரின் உச்சியில் நடாதீர்கள். வாய்க்கால் தண்ணீர் பாருக்குள் ஊறி மேலேறும்போது உப்பு உச்சியில் போய்த்தான் குவியும். காய்ந்த பாரின் முகட்டை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாலே தெரியும். நாற்று பாரின் சரிவில், தண்ணீர் தொடும் கோட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். சொட்டுநீர் போட்டால், நனைந்த வட்டத்தின் விளிம்பில் உப்பு சேரும். சிறு தூறல் விழும்போது மழை பெய்கிறதே என்று சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். தூறல் அந்த விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். பெருமழை வந்தால் நிறுத்தலாம்.

என்ன பயிர் என்பதும் பார்க்க வேண்டும். உப்புத் தாங்கும் அளவு, பரிசோதனை நிலையம் தரும் டெசிசீமன் (மின் கடத்துதிறன் அலகு) கணக்கில், பீன்ஸுக்கு 1, கத்திரிக்கு 1.1, மிளகாய்க்கு 1.5, தக்காளிக்கு 2.5, தட்டாம்பயறுக்கு 4.9, கொத்தவரைக்கு 8.8. இதற்கு மேல் போனால் மகசூல் குறையத் தொடங்கும். ஆக அந்த நிலத்தில் முதலில் கொத்தவரையும் தட்டாம்பயறும். மிளகாய் கடைசியில்.

பெரியபட்டினம் தோட்டம்:

அப்பாவிடம் எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். "தண்ணி எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் நாங்களும் உழுதோம், இப்ப உப்பு மேல வந்துருச்சு" என்றார். மணலில் பாத்திக்குக் கயிறு பிடிக்கிறோம். களருக்கு டிராக்டர்காரரிடம் அஞ்சு கொத்து மட்டும் சொல்லியிருக்கிறேன். அறிக்கை வந்ததும் ஜிப்சம். ஒரு சந்தேகம்: மழை விழுந்த எத்தனையாவது நாள் அந்தக் களியில் டிராக்டர் இறக்கலாம்?

முதுகுளத்தூர் மிளகாய்:

நாள் கணக்கு வைக்க முடியாது தம்பி. நாலு விரல் ஆழத்தில் மண் எடுத்து உள்ளங்கையில் உருட்டுங்கள். திரியாகத் திரிந்தால் இறக்காதீர்கள், கொழு தேய்த்த இடமெல்லாம் பளபளவென்று பூசிக்கொண்டு தண்ணீர் இறங்காது. உருட்டும்போதே வெடித்து உதிர்ந்தால் அதுதான் பதம். களரில் அந்தப் பதம் ரொம்ப நேரம் நிற்காது, டிராக்டர்காரரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள்.

மண்ணும் நீரும்:

மாசியில் மறுபடி மண் எடுத்துப் பாருங்கள். இந்த முறை மேல் இரண்டு விரல் மண்ணைத் தனிப் பையில் எடுங்கள், அதற்குக் கீழ் அரை அடியை இன்னொரு பையில். மேல் பையில் அளவு ஏறியிருந்தால் தக்கைப்பூண்டு மடக்கிய பிறகு நிலம் மூடாமல் கிடந்திருக்கிறது என்று பொருள். அப்போது களைக்கொத்தால் மேல் மண்ணை மட்டும் லேசாகக் கொத்திவிட்டு, பனையோலையோ தென்னோலையோ பரப்பி வையுங்கள். முடிவைக் கொண்டுவந்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.